பச்சைக் குடையும் ஜார்ஜ் யங்கும்

அக்டோபர் 13 – ஃபால்கிர்க், கிரேஞ்ச்மவுத்

ஐந்து நாள் அலைச்சலுக்குக் காரணமான மனிதரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் ஜார்ஜ் யங். 1941 முதல் 1957 வரை கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணியில் ஆடிய பின்கள வீரர். ஆறடி இரண்டங்குல உயரம், ஏறத்தாழ 95 கிலோ எடை. ஸ்காட்லாந்துக்காக ஐம்பது ஆட்டங்களைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். அவற்றில் 48 ஆட்டங்களுக்கு அவரே அணித்தலைவர். அப்படிப்பட்டவர் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை என்பதைச் சென்ற கோடையில் எங்கோ படித்தேன். கல்லூரி அணியில் மூன்று வருடம் தற்காப்பின் நடுவே ஸ்டாப்பராக நின்று, கோல் போட்டவர்களுக்கு மட்டும் மாலை விழுவதை வேடிக்கை பார்த்தவள் நான். எனவே லெஸ்டரிலிருந்து வடக்கே வண்டி ஏற எனக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

ஃபால்கிர்க்கில் இறங்கியபோது மழையும் இல்லை, மழை இல்லாமலும் இல்லை. மாவு சலித்தது போல் காற்றோடு வந்து முகத்தில் ஒட்டும் இந்தத் தூறலுக்கு இவ்வூர்க்காரர்கள் 'ஸ்மர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்த குடை முதல் காற்றிலேயே மல்லாந்துவிட்டதால், கடைத்தெருவில் ஆறு பவுண்டு கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். கடையில் மிச்சமிருந்தது நல்ல பச்சை நிறத்தில் ஒன்றுதான். அந்த நிறம் பின்னால் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

யங் பிறந்தது அடுத்த ஊரான கிரேஞ்ச்மவுத்தில், 1922 அக்டோபர் 27 அன்று. ஆனாலும் ஃபால்கிர்க்கில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. பிராக்வில் என்ற பழைய மைதானத்தின் மீது இப்போது மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடி நிற்கிறது. 2003இல் மைதானம் மூடப்பட்டபோது மிஞ்சியது ஒரே ஒரு சுழல்வாயில். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வயிற்றால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும் இரும்புக் கதவு. தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் அதையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். 1949 பற்றிக் கேட்டேன். "டண்டீக்காரர்களிடம் அதைக் கேட்டுவிடாதீர்கள்" என்று சிரித்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று லீக்கின் கடைசி ஆட்டங்கள். ரேஞ்சர்ஸைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்த டண்டீ, இங்கே பிராக்வில்லில் ஃபால்கிர்க்கை வென்றால் பட்டம் அதற்கு. ஆனால் கிடைத்த பெனால்டியைக் கோட்டைவிட்டுவிட்டு 4–1 என்று தோற்றது. அதே பிற்பகலில் ரேஞ்சர்ஸ், கோட்பிரிட்ஜில் ஆல்பியன் ரோவர்ஸை 4–1 என்று வென்றது. லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்த முதல் ஸ்காட்டிஷ் அணி அதுதான். ஒரு வாரம் முன்பு நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் கிளைட் அணியை 4–1 என்று வென்றபோது, நான்கில் இரண்டு கோல்கள் யங்கின் காலிலிருந்து வந்தவை. இரண்டும் பெனால்டி. ரேஞ்சர்ஸின் பெரிய நாளுக்கு உதவியது யங்கின் பக்கத்து ஊர் என்பது எனக்கு இங்கே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

கிரேஞ்ச்மவுத் பேருந்து என்று நினைத்து எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி அரைமணி நேரத்தை வீணடித்தேன். அது முழுக்க என் தவறு. மறுபடி சரியான வண்டியில் போகும்போது வழியில் கெல்பிகள் தெரிந்தன. முப்பது மீட்டர் உயரத்துக்கு எஃகில் செய்த இரு குதிரைத் தலைகள். ஒரு காலத்தில் கால்வாயில் படகுகளை இழுத்த கிளைட்ஸ்டேல் குதிரைகளின் நினைவாக வைத்தவை. அவற்றுக்கு அப்பால் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். நூறாண்டு ஓடிய ஆலையில் எண்ணெய் சுத்திகரிப்பு 2025 ஏப்ரலில் நின்றுபோனது. ஊரில் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அந்த ஆலை வந்துவிடுகிறது.

சிற்றுண்டிக் கடையில் சதுர வடிவ மாட்டிறைச்சிச் சாசேஜும் உருளைக்கிழங்கு ஸ்கோனும் வைத்த ரொட்டி, கூடவே ஒரு தேநீர்: ஐந்து பவுண்டு இருபது பென்ஸ். பரிமாறிய அம்மாள் என்னை 'ஹென்' என்று அழைத்தார். கோழி என்று பொருள்; இங்கே பெண்களை வாஞ்சையோடு கூப்பிடும் சொல். ஜார்ஜ் யங்கைத் தெரியுமா என்று கேட்டேன். "எந்தத் தெருவில் இருக்கிறார், ஹென்?" என்றார்.

அக்டோபர் 14 – கிர்கின்டிலாக்

அதிகம் எழுத ஒன்றுமில்லாத நாள். யங் இங்குள்ள ராப் ராய் என்ற 'ஜூனியர்' அணியிலிருந்துதான் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஸ்காட்லாந்தில் ஜூனியர் என்றால் சிறுவர் அணி என்று பொருளல்ல. பெரிய லீக்குக்கு வெளியே, முழு வளர்ச்சி அடைந்த ஆண்கள் ஒருவரையொருவர் இரக்கமில்லாமல் மோதிக்கொள்ளும் தனி உலகம். சுரங்கத்திலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஆடியவர்கள் அவர்கள். ஒரு பின்கள வீரன் உருவாக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருந்திருக்காது. ராப் ராய் ஆடிய அந்த மைதானம் இப்போது வீட்டுமனை ஆகிவிட்டது. கால்வாய்க் கரையில் இரண்டு மைல் நடந்தேன். அன்னப்பறவை ஒன்று என்னைத் துரத்தியது. இந்த ஊரில் பல பத்தாண்டுகள் மதுக்கடையே கிடையாதாம், 1960களின் கடைசிவரை. இரவு தங்கிய விடுதியில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. சொன்னதும் உரிமையாளர் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து தந்து, "இது இன்னும் குளிரே இல்லை" என்று ஆறுதல் கூறினார்.

அக்டோபர் 15 – ஐப்ராக்ஸ்

கிளாஸ்கோவின் சுரங்க ரயில் 1896இல் தொடங்கியது. மொத்தமே 15 நிலையங்கள், ஒரே வட்டம். தூங்கிப்போனாலும் ஏறிய இடத்துக்கே வந்துவிடலாம். ஐப்ராக்ஸ் நிலையத்தில் இறங்கிக் குடையை விரித்தேன். ரேஞ்சர்ஸின் மைதானத்தை நோக்கிப் பத்தடி நடப்பதற்குள் நாயோடு வந்த ஒரு நடுவயதுக்காரர் நின்று, வானத்தைப் பார்த்து, என் குடையைப் பார்த்து, மிக மரியாதையாக, "ஹென், இந்த மழைக்கு நனைவதே மேல்" என்றார். பச்சை, எதிரணியான செல்டிக்கின் நிறம். ஐப்ராக்ஸ் வாசலில் பச்சைக் குடையோடு நிற்பது மாமியார் வீட்டுக் கல்யாணத்தில் போய்ச் சம்பந்தியைத் திட்டுவதற்குச் சமம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மடக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு நனைந்தேன்.

இது வெறும் வேடிக்கை மட்டும் அல்ல என்பதையும் எழுதிவிட வேண்டும். ரேஞ்சர்ஸின் நீலம் புராட்டஸ்டன்ட், செல்டிக்கின் பச்சை கத்தோலிக்கம் என்று நகரமே பிளந்து நின்ற காலம் அது. யங் ஆடிய நாள்களில் ரேஞ்சர்ஸ் வெளிப்படையான கத்தோலிக்கர் எவரையும் ஒப்பந்தம் செய்ததில்லை. 1989இல் மோ ஜான்ஸ்டன் வந்தபோதுதான் அந்த வழக்கம் ஊரறிய உடைந்தது. யங்கின் புகழைப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1929இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த செங்கல் முகப்பு, வெளியிலிருந்து பார்த்தால் நகராட்சி மன்றக் கட்டடம் போலத்தான் இருக்கிறது. உள்ளே பளிங்குப் படிக்கட்டு. 1920 முதல் 1954 வரை மேலாளராக இருந்த பில் ஸ்ட்ரூத், ஆட்டக்காரர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் இந்தப் படியில் ஏறக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார். ஈரச் செருப்புத் தடம் பதிய நான் ஏறியபோது அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

1940களின் இறுதியில் இந்த அணியின் தற்காப்புக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'இரும்புத்திரை'. கோலில் பாபி பிரவுன். பின்னால் வலப்புறம் யங், இடப்புறம் 'டைகர்' ஜாக் ஷா. அவர்களுக்கு முன்னால் இயன் மெக்கால், நடுவே வில்லி வுட்பர்ன், பக்கத்தில் சாமி காக்ஸ். யங்கின் வேலை தடுப்பதோடு முடிந்ததில்லை. பந்து காலில் பட்டதும் நிமிர்ந்து பார்த்து, வலது ஓரத்தில் ஓடும் வில்லி வாடலுக்கு அரை மைதானம் தாண்டி உதைப்பார். வாடல் அதைக் கோல் முன்னால் தூக்கிப் போட, வில்லி தார்ன்டன் தலையால் முட்டுவார். மூன்றே தொடுகையில் கோல். அழகியல் பேசுவோர் இதைக் 'கண்மூடி உதைப்பது' என்று இகழ்வார்கள். ஐம்பது கெஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில், அதுவும் நனைந்து கனத்த தோல் பந்தை, ஒருமுறையேனும் உதைத்துப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார்.

'கார்க்கி' என்பது யங்கின் செல்லப்பெயர். 1948 ஸ்காட்டிஷ் கோப்பை வெற்றிக் கொண்டாட்டத்தில் திறந்த ஷாம்பெய்ன் புட்டியின் தக்கையை அவர் பிறகு ராசிக்காக எங்கும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததால் வந்தது. 95 கிலோ மனிதர், கட்டைவிரல் அளவு தக்கையை நம்பினார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரும்புத்திரையில் என்னை உறங்கவிடாதவர் வுட்பர்ன். எடின்பரோக்காரர், தற்காப்பின் நடுவே நிற்கும் அற்புதமான சென்டர் ஹாஃப், மூக்குநுனியில் கோபம். 1954 ஆகஸ்ட் 28 அன்று இதே மைதானத்தில், வென்றுகொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஸ்டர்லிங் ஆல்பியன் வீரர் ஒருவரைத் தாக்கிவிட்டார். முன்பும் பலமுறை தண்டனை பெற்றவர். செப்டம்பர் 14 அன்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் குழு முன்பு நிறுத்தப்பட்டார். விசாரணை நான்கு நிமிடம். தீர்ப்பு: காலவரையற்ற தடை. அப்போது வயது 35. 1957இல் தடையை நீக்கியபோது 37 முடிந்திருந்தது. மறுபடி ஆடவே இல்லை. அவர் செய்தது குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று மதியம் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு 'ஸ்காட்ச் பை'யும் தேநீரும் வாங்க நான் வரிசையில் நின்றதே பன்னிரண்டு நிமிடம்.

அந்த 'பை'யைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு வெளியே வாங்கிய ஸ்காட்ச் பை: உள்ளங்கை அகல வட்டம், விறைப்பான மாவுச் சுவர், உள்ளே மிளகுக் காரம் தூக்கலான ஆட்டிறைச்சிக் கொத்து. மேல் மூடி விளிம்புக்கு அரை அங்குலம் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தில் குழம்பு நிற்பதற்காக. தட்டு, கரண்டி எதுவும் வேண்டாம், நின்றபடி ஒரு கையால் தின்னலாம். இரண்டு பவுண்டு எண்பது. முதல் கடியிலேயே சூடான கொழுப்பு மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடியது.

அக்டோபர் 16 – ஹாம்ப்டன்

ஹாம்ப்டன் இருக்கும் பகுதிக்கு மவுண்ட் ஃப்ளோரிடா என்று பெயர்; அதை நம்பி வெயிலை எதிர்பார்த்தால் அது உங்கள் பிழை. ஸ்காட்லாந்தின் தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க்கின் உள்ளேயே கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1874இல் முதன்முதலாகத் தூக்கிய ஸ்காட்டிஷ் கோப்பையை அங்கே காணலாம். அளவில் சிறியது, கூஜாவின் தங்கை போல. தன்னார்வலராக நின்ற முதியவர் ஒருவர்தான், கிளம்பிய நான்காம் நாளில், யங்கின் பெயரை நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையசைத்தவர். "தடுப்பாட்டக்காரனைத் தேடி யாரும் வருவதில்லையே" என்று வியந்து, அரைமணி நேரம் கூடவே நடந்தார்.

நாட்டுக்காக ஆடிய ஆட்டத்தைக் குறிக்கும் 'கேப்' என்ற சொல்லுக்கு நான் அறியாத பொருள் ஒன்றைச் சொன்னதும் அவர்தான். குஞ்சம் தொங்கும் அந்த வெல்வெட் தொப்பியை ஸ்காட்லாந்து, 1970களின் நடுப்பகுதி வரை, பிரிட்டிஷ் அணிகளுக்கு எதிராக ஆடியவர்களுக்கு மட்டுமே கொடுத்தது. ஐரோப்பிய நாடுகளுக்கு எதிரான ஆட்டம் கணக்கில் ஏறும், தலையில் ஏறாது. ஆக, ஐம்பதைத் தாண்டிய யங்கின் வீட்டு அலமாரியில் அத்தனை தொப்பிகள் இருந்திருக்க முடியாது.

பிறகு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். இப்போது ஐம்பதாயிரம் பேருக்குச் சற்று அதிகமாக இடமுண்டு. 1950 ஏப்ரல் 15 அன்று இங்கே ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். பிரேசில் உலகக் கோப்பைக்கு பிரிட்டிஷ் நாடுகளிலிருந்து இரண்டு அணிகளை அழைத்திருந்தது ஃபிஃபா. பிரிட்டிஷ் நாடுகளுக்கிடையிலான போட்டியில் முதலிடம் பெற்றால் மட்டுமே போவோம், இரண்டாமிடத்தோடு போய் நிற்கமாட்டோம் என்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அன்று இங்கிலாந்துடன் சமநிலை கண்டிருந்தால் முதலிடத்தைப் பகிர்ந்திருக்கலாம். ராய் பென்ட்லி போட்ட ஒரே கோலில் இங்கிலாந்து வென்றது. ஸ்காட்லாந்தின் வில்லி பால்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முதியவர் கம்பத்தைக் கையால் காட்டினார். எந்தப் பக்கத்துக் கம்பம் என்று அவரும் நானும் சிறிது நேரம் வாதிட்டோம்.

ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் தலைவர் பில்லி ரைட், சங்கத்திடம் பேசி எப்படியாவது வந்துவிடுங்கள் என்று யங்கை வற்புறுத்தினார். யங் பேசினார். செயலாளர் ஜார்ஜ் கிரகாம் அசையவில்லை. வரச் சொல்லி அழைப்பு இருக்கிறது, ஆட ஆள் இருக்கிறது, வீம்பு விடவில்லை. இதே கோப்பையிலிருந்து இந்தியாவும் விலகியது நம்மவர்களுக்குத் தெரிந்த கதை. கடைசியில் 13 அணிகளோடு போட்டி நடந்தது. அங்கே ஜூன் 29 அன்று அமெரிக்கா இங்கிலாந்தை 1–0 என்று கவிழ்த்ததே, அன்று அமெரிக்காவுக்குத் தலைமை தாங்கிய எட் மக்கில்வெனி, இங்கிருந்து அதிக தூரமில்லாத கிரீனாக்கில் பிறந்தவர். ஸ்காட்லாந்து போகவில்லை, ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போய்விட்டார்.

1954இல் ஸ்காட்லாந்து போனது, 22 பேருக்கு அனுமதி இருந்தும் 13 பேரை மட்டும் அழைத்துக்கொண்டு. ரேஞ்சர்ஸ் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டதால் அவ்வணியினர் ஒருவரும் சுவிட்சர்லாந்து போகவில்லை. உருகுவேயிடம் 7–0 தோல்வி. மூன்றாவது வாய்ப்பான 1958 உலகக் கோப்பையை யங்கே விட்டுக்கொடுத்தார். 1957 பருவத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தார். மே 19 அன்று பாசலில் சுவிட்சர்லாந்தை 2–1 என்று வென்ற ஆட்டத்துக்குப் பின், ஒரு வாரம் கழித்து மாட்ரிட்டில் ஸ்பெயினுக்கு எதிராக ஆடி விடைபெறுவது என்று அவர் நினைத்திருந்தார். தேர்வுக் குழு அவர் பெயரை எழுதவில்லை. ஸ்காட்லாந்து 4–1 என்று தோற்றதை வெளியே உட்கார்ந்து பார்த்தார். வுட்பர்னின் தடையை நீக்கியதும் அதே ஆண்டில்தான். ஒருவருக்குக் கதவைத் திறந்தார்கள், நேரம் கடந்துவிட்டிருந்தது. இன்னொருவருக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சமிருந்தது, அப்போது மூடினார்கள்.

முதியவர் விடைபெறும்போது 1953 இறுதியாட்டத்தைச் சொல்லாமல் விடவில்லை. அபர்டீனுக்கு எதிராக கோல்கீப்பர் ஜார்ஜ் நிவன் தலையில் அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் முறையே இல்லாத காலம் அது. யங் கோல்கீப்பரின் சட்டையை மாட்டிக்கொண்டு, நிவன் கட்டுப்போட்டுத் திரும்பும்வரை கோல் காத்தார். மறு ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கோப்பையை வென்றது. "அந்தச் சட்டை அவருக்கு எப்படிப் பொருந்தியிருக்கும்?" என்று கேட்டேன். அதைத்தான் தானும் நெடுநாளாக யோசிப்பதாகச் சொன்னார்.

அக்டோபர் 17 – கேத்கின் பார்க்

ஹாம்ப்டனிலிருந்து கால்மணி நடை. வழி நெடுகத் தூறல். குடையை இங்கே தைரியமாக விரிக்கலாம், நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. இது தேர்ட் லானார்க் அணியின் மைதானமாக இருந்தது. 1872இல் தன்னார்வப் படைவீரர்கள் தொடங்கிய அணி. 1967இல் கடனில் மூழ்கி ஒழிந்தது. யங் 1959 முதல் 1962 வரை இதன் மேலாளர். தடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் உருவாக்கிய அணி, 1960–61 லீக்கில் 34 ஆட்டங்களில் சரியாக நூறு கோல்களைப் போட்டது. கடைசி ஆட்டத்தில் ஹிபர்னியனை 6–1 என்று அடித்து நூறைத் தொட்டார்கள்; அந்தப் பருவத்தில் அலெக்ஸ் ஹார்லி மட்டும் 42. மூன்றாமிடம். அடுத்த ஆண்டே நிர்வாகம் கைமாறியது, யங் விலகினார். ஐந்தாண்டில் அணியே இல்லை.

இப்போது இது மாநகராட்சிப் பூங்கா. நடுவில் புல்தரை, இரு முனைகளிலும் கோல் கம்பங்கள். மூன்று பக்கமும் கான்கிரீட் படிகள் அப்படியே இருக்கின்றன. படிகளின் இடுக்கிலிருந்து 'லைம்' என்று இங்கே அழைக்கப்படும், எலுமிச்சையோடு தொடர்பில்லாத லிண்டன் மரம் போன்றவையும், பெயர் தெரியாத வேறு பலவும் ஆளுயரத்துக்கு மேல் கிளம்பி நிற்கின்றன. கூட்ட நெரிசலைத் தாங்க நட்ட இரும்புத் தடுப்புகளுக்கு யாரோ சிவப்பு வண்ணம் பூசிப் பராமரிக்கிறார்கள். ஒன்றின் மேல் முழங்கை ஊன்றினேன். சரியாக என் நெஞ்சுயரம், மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பாசி, ஈரம், அழுகிய இலை நாற்றம். கீழே பள்ளிச் சீருடையில் நான்கு பேர், ஒரு கோல் கம்பத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாயோடு படியில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஹார்லியைத் தெரியும் என்றார், அப்பா சொல்லியிருக்கிறார். மேலாளர் யார் என்று தெரியாது. சொன்னேன். "ரேஞ்சர்ஸ் ஆளா?" என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "சரி, நூறு கோல் போட்டாரே" என்று மன்னித்தார்.

இறங்கும்போது பாசிப்படியில் வலது கால் வழுக்கியது. நான் விழவில்லை, காலணியின் அடிப்பகுதி மட்டும் பாதி கழன்று நாக்கைப் போலத் தொங்கியது. பெருவிரல் கான்கிரீட் விளிம்பில் இடித்து அப்போதே வீங்கத் தொடங்கியது. நேற்று ரொட்டி வாங்கிய கடைப் பையைக் காலணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றுகோலாக்கிப் பேருந்து நிறுத்தம்வரை நொண்டினேன். மாலை நான்கரைக்கே விளக்கு போட்டிருந்தார்கள். வண்டி வந்து நின்றது. கட்டண அட்டையை ஈரப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் என் காலைப் பார்த்தார், பிறகு தரையில் சொட்டும் பச்சைக் குடையைப் பார்த்தார்.

"மைதானத்திலா?" என்றார்.

"கேத்கினில்" என்றேன்.

"முதலில் உட்காருங்கள், ஹென். அட்டை கிடைக்கும்போது கிடைக்கட்டும்."